பன்னிரண்டாவது பாரம்

மூன்று முறை பெயர் மாற்றினார்கள்.
தொழிற்பள்ளி என்றார்கள், தொழில்நுட்பப் பள்ளி என்றார்கள்,
போன ஆண்டிலிருந்து கல்லூரி.
முகப்பு வளைவுக்கு நீலச் சாயம்,
பெயர்ப்பலகைக்குப் பளபளக்கும் எஃகு.
பேருந்து ஓட்டுநர் மட்டும் இன்னும்
"மக்கு ஸ்கூல், மக்கு ஸ்கூல்" என்றே பிரேக் போடுகிறார்.
பையன்கள் ஒரு நிறுத்தம் முன்னாலேயே இறங்கி
வெயிலில் நடந்து வருகிறார்கள்.

குளிர்சாதனப் பிரிவில் முப்பது இடம்.
வந்திருப்பது பதினொரு பாரம்.
அதிலும் ஒன்று
கேக் செய்யும் பிரிவு கேட்டு வந்த பெண்ணுடையது,
கெஞ்சி நிறுத்தி வைத்திருக்கிறோம்.

முதல்வர் ரொஹானா திரையில் கோடு காட்டினார்.
ஐந்து ஆண்டாக இறங்கும் கோடு.
ஊர்ப்பெயர் பிறை.
வளர்பிறையா தேய்பிறையா என்று
மனதுக்குள் கேட்டுக்கொண்டேன்;
அந்தக் கூட்டத்தில் எனக்கு மட்டுமே புரியும் நகைச்சுவை.
வீடு வீடாகப் போங்கள் என்றார்.
தமிழ் வீடுகள் என் பங்கு.

சனிக்கிழமை. அடுக்குமாடி. மின்தூக்கி வேலை செய்யவில்லை.
கையேட்டில் பாதுகாப்புக் கண்ணாடியோடு சிரிக்கும் பையன்
இப்போது பாயான் லெப்பாஸில்
மாதம் மூவாயிரத்து இருநூறு ரிங்கிட் வாங்குகிறான்.
அதைச் சொல்ல நான்கு மாடி மூச்சு வேண்டியிருந்தது.
நான்காம் மாடியில் ஒரு தகப்பன் கதவைப் பாதி திறந்து,
"படிக்கலன்னா அங்கதான் போவன்னு
வாத்தியாரே சொல்றாரு டீச்சர்" என்றார்.
பக்கத்துப் பள்ளிகளில்
எங்கள் பெயரைப் பிரம்பாக வைத்திருக்கிறார்கள்.

ஒன்பதாம் மாடி.
இரவு வேலை முடித்த நீலச் சட்டையைக் கழற்றாமல்
விமலேஸ்வரி தண்ணீர் கொடுத்தார்.
மகன் உள்ளே தூங்கினான்,
திரைக்கு வெளியே ஒரு கால் மட்டும்.
கையேட்டை இரு பக்கமும் படித்தார்,
அடியில் இருக்கும் பொடி எழுத்தையும்.

"டீச்சருக்குப் பிள்ளைங்க?"
"ஒரே பொண்ணு."
"எத்தனாவது?"
"மூணாம் படிவம்."
"அப்ப நம்ம கவிநேஷ் செட்டு.
அடுத்த வருஷம் இங்கதான் சேக்கப் போறீங்களா?"

தாழ்வாரத்தில் யாருடைய துணியோ சொட்டியது.
கீழே தொழிற்சாலைக் கூரைகள், தூரத்தில் பாலம்.
திங்களும் புதனும் அறிவியல் டியூசன்,
டிசம்பர் வரைக்கும் பணம் கட்டியாகிவிட்டது.
டாக்டருக்குப் படிப்பாள் என்று
நானே நாத்தனாரிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.
பன்னிரண்டு வருடமாகப் பிறர் பிள்ளைகளுக்கு
கம்ப்ரசரைப் பிரித்துக் காட்டும் நான்
சொன்னேன்:
"இன்னும் யோசிக்கல."

பொய்.
யோசித்தது ஒரு விநாடி,
அதுவும் அவள் பிறந்த வார்டிலேயே.

அவர் சிரித்தார், கேலியாக இல்லை.
கையேட்டை நான்காக மடித்தார்.
"நானும் யோசிச்சுச் சொல்றேன் டீச்சர்."

அன்றிரவு சாப்பாட்டு மேசையில்
உப்பு ஜாடிக்கு அடியில் ஒரு பாரம் வைத்தேன்.
எதுவும் சொல்லவில்லை.
காலையில் அதன் முதுகு முழுக்கக் கணக்கு.
மகள் எழுதியது.
கடைசி வரியை நானும் போட்டுப் பார்த்தேன்.
விடை சரி.

வியாழன் பகல்
அலுவலக முகப்பில் விமலேஸ்வரி,
பின்னால் கவிநேஷ், இரண்டு காலும் தெரிய.
எழுத்தர் பேனாவைத் தேடியபடி
"பன்னிரண்டு" என்றார்.
"இருங்க. மொதல்ல பட்டறையைப் பாக்கணும்.
ஹாஸ்டல் கக்கூஸையும் பாக்கணும்."

கூட்டிப் போனேன்.
மூன்றாவது கழிவறைக்குத் தாழ்ப்பாள் இல்லை,
நான் மறைக்கவில்லை, அவர் குறித்துக்கொண்டார்.
பட்டறை வாசலில் செருப்பைக் கழற்றப் போனவரை
"வேணாம், இரும்புத் தூள்" என்று தடுத்தேன்.

"யோசிச்சீங்களா டீச்சர்?"

என் பையில், கணக்குப் போட்ட பாரம்.
பையன் அதற்குள் உள்ளே போய்விட்டிருந்தான்,
திறந்து கிடந்த இயந்திரத்தைப் பார்த்து
"இது ஏன் ஓடல?" என்றான்
யாரிடமும் இல்லாமல்.